கொசுவுக்கு மாப்பிள்ளை பார்த்த வருஷம்

எங்கள் லயத்தில் சாயங்காலம் ஆறரை மணிக்குத் தவளை கத்தினால், அது தவளை இல்லை, நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே தேயிலைக் காட்டை ஒட்டிப் பத்து வீடுகள் ஒரே கூரையில் நிற்கும் வரிசை எங்களுடையது. அண்ணனின் ப்ளூடூத் ஸ்பீக்கரைத் தேயிலைச் செடிக்கு அடியில் வைத்து, பதிவு செய்த தவளைக் குரலை ஓடவிடுவேன். ஸ்பீக்கர் மேல் ஒரு வெள்ளைத் துணி. துணிக்கு முன்னால் வாயில் ரப்பர் குழாயோடு நான் குந்தியிருப்பேன். வேலை முடிந்து வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

நான் காத்திருந்தது எள்ளில் பாதி இருக்கும் ஒரு பூச்சிக்காக. கொசுவுக்குத் தூரத்துச் சொந்தம். அது மனிதரைக் கடிக்காது, தவளையைத்தான் கடிக்கும். ஆண் தவளை துணையைக் கூப்பிட்டுக் கத்தும்போது, அந்தச் சத்தத்தை ஒட்டுக்கேட்டு இந்தப் பெண் பூச்சி வந்துவிடும். தவளையின் முதுகில் இறங்கி, மூக்குவரை நடந்துபோய், அங்கே உட்கார்ந்து இரத்தம் குடிக்கும். காதல் பாட்டுப் பாடுகிறவனுக்கு இப்படி ஒரு தொல்லை. அண்ணன் மனைவி இதைக் கேட்டுவிட்டு அதற்குத் தவளைக்கொசு என்று பெயர் வைத்தார். நானும் வீட்டில் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

துணியில் வந்து உட்காரும் தவளைக்கொசுவை ரப்பர் குழாயால் உறிஞ்சிக் குப்பிக்குள் பிடிக்க வேண்டும். நடுவில் வலைத்துணி வைத்திருப்பதால் வாய்க்குள் போகாது. ஒரு தடவை வலை கிழிந்து போய்விட்டது. அந்தக் கதையை அண்ணன் இன்னும் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பிடித்தவை எல்லாம் ஒரே இனம். இறக்கையில் நடுவே ஒரு பழுப்புப் பட்டை, நுனிப்பக்கம் இன்னொரு மெல்லிய பட்டை. ஏற்கெனவே விவரிக்கப்பட்ட, இதைப் போன்ற இன்னோர் இனத்துக்கு ஒரே பட்டைதான். ஆகவே என்னுடையது புதிது என்று நம்பினேன். ஆனால் நம்புவதில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், வேறொரு பூச்சியைப் புது இனம் என்று துறை முழுக்கச் சொல்லிவிட்டேன். அது எப்போதோ பெயர் வைக்கப்பட்ட பூச்சி. நான்தான் பழைய விளக்கத்தைச் சரியாகப் படிக்கவில்லை. அன்றிலிருந்து ஆய்வகத்தில் என் பட்டப்பெயரே 'புது இனம்' ஆகிவிட்டது. அதனால் இந்தத் தடவை பத்துத் தடவை அளந்து, வரைந்து, கட்டுரை எழுதி இதழுக்கு அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. எழுத்தில் மரியாதை குறையவே இல்லை. இறக்கைப் பட்டை ஊருக்கு ஊர் மாறலாம். அதை மட்டும் வைத்துத் தனி இனம் என்று சொல்ல முடியாது. ஆண் பூச்சியின் பின்முனை உறுப்பைப் பார்த்தால்தான் உறுதியாகும். ஆண் கிடைத்தால் மறுபடி அனுப்பவும். அந்த வருஷக் கடைசியோடு ஆய்வை முடிக்க எனக்குக் கொடுத்திருந்த கால நீட்டிப்பு முடிகிறது. ஆண் கிடைக்காவிட்டால் ஐந்து வருஷ வேலை ஒரு சந்தேகக் குறியோடு நின்றுவிடும். நானும் 'புது இனம்' என்ற பட்டப்பெயரோடே காலம் தள்ள வேண்டியதுதான்.

இதில் சிக்கல் என்னவென்றால், ஆணுக்கு இரத்தம் வேண்டாம். அதனால் தவளை தொண்டை கிழியக் கத்தினாலும் என் துணிக்கு ஓர் ஆண்கூட வரவில்லை. சங்கதியைக் கேட்ட அண்ணன் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

"நல்லாருக்கு புள்ள! ஒனக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கணும்னு ஒங்க அண்ணன் நாலு வருசமா அலையுதாக. நீ என்னன்னா கொசுவுக்கு மாப்பிள்ளை பாக்க."

"மதினி, கிண்டல் பண்ணாதீக."

"கிண்டல் இல்ல. அதுக்காச்சும் சீக்கிரம் அமையட்டும்னு சொல்லுதேன்."

ஒரே வழி, புழுவைக் கண்டுபிடித்து வளர்ப்பது. ஓடைக்கரை மரம் ஒன்றின் வேர்ப் பொந்தில் தேங்கிய நீரில் பன்னிரண்டு புழுக்கள் கிடைத்தன. எடுத்து வந்த அடுத்த வாரமே காற்றில் அந்த மரம் சாய்ந்து, பொந்து மண்ணில் மூடிவிட்டது. வேறெங்கு தேடியும் கிடைக்கவில்லை. அந்தப் பன்னிரண்டுதான் எனக்கு எல்லாம். ஃபேக்டரியில் தேயிலை ருசி பார்க்கும் வெள்ளைப் பீங்கான் கப்புகளில் விளிம்பு உடைந்ததை அண்ணன் கொண்டுவந்து தருவான். வெள்ளையில் புழு பளிச்சென்று தெரியும். அவற்றில் புழுக்களை விட்டு, அடுப்படிக்குப் பின்னால் தாழ்வாரத்தில் வரிசையாக வைத்தேன்.

இங்கே மதினியின் வேலையைச் சொல்லியாக வேண்டும். அவர் எங்கள் பகுதியின் ஆஷா, அதாவது வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர். ஞாயிற்றுக்கிழமை என்றால் ட்ரை டே. தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டிக் கொசு உற்பத்தியாகும் இடத்தை ஒழிக்கும் நாள். அலுவலக மலையாளத்தில் அதற்கு உறவிட நசீகரணம் என்று பெயர். எங்கள் லயத்தில் மூன்று வயதுப் பிள்ளைகூட அந்த வார்த்தையைச் சொல்லும். மதினி வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பழைய டயர், சிரட்டை என்று எதையும் விடமாட்டார். ஓடையில் ஊற்றினால் புழு பிழைத்துக்கொள்ளும், காய்ந்த தரையில்தான் ஊற்ற வேண்டும் என்பது அவர் பாடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான், பூச்சியை ஊறவைத்துத் தெளிவாக்கும் கிராம்பு எண்ணெய் வாங்க மூணாறு போயிருந்தேன். மேலதிகாரி திடீரென்று கூடவே வருகிறார் என்று மதினிக்கு ஃபோன் வந்திருக்கிறது. ஊரையெல்லாம் அதட்டுகிறவர் வீட்டுப் பின்கட்டிலேயே ஏழு கப் புழுத்தண்ணீர். பதறிப்போய் ஏழையும் எடுத்து வெயில் காயும் சிமெண்டுத் தரையில் கவிழ்த்துவிட்டார்.

நான் வந்தபோது கப்புகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தரையில் ஈரம்கூட இல்லை.

"என்ன காரியம் பண்ணிட்டீக மதினி!"

"கொசுப் புழுன்னு நெனச்சேன் புள்ள. நீ தவளைகிட்ட வார கொசுவத்தானே பிடிக்க? இது வீட்டுத் தண்ணியில கெடந்துச்சே."

"ஒங்களுக்கு ஊத்தத்தான் தெரியும். பாக்கத் தெரியாது."

அவர் முகம் சுண்டிப்போனது. திரும்பி உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு என் பேச்சைக் கேட்காது. அன்றைக்கு நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கப்பில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அவருக்குப் புரியாது என்று நினைத்துத்தான் சொல்லவில்லை. தப்பு அங்கேதான் இருந்தது. ஆனால் அதை ஒப்புக்கொள்ள எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

அந்த நான்கு நாளும் வீட்டில் நாங்கள் இருவரும் அண்ணன் மூலமாகத்தான் பேசிக்கொண்டோம். உப்பு வேண்டுமானால்கூட அவன்தான் நடுவில். ஐந்தாம் நாள் காலையில் மதினி என் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"அந்தப் புழு எப்படித்தான் இருக்கும்? காட்டு."

சிமெண்டுத் தரையில் காய்ந்து கிடந்த ஒன்றைத் தூரிகையால் எடுத்துச் சாராயத்தில் போட்டு வைத்திருந்தேன். அதை நுண்ணோக்கியில் வைத்துக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கொசுப் புழு மாதிரி இல்லியே. கையக் கட்டிக்கிட்டு நிக்க மாதிரில்லா இருக்கு."

"அது கை இல்ல மதினி, உணர்கொம்பு. மடக்கி வச்சிருக்கும். பக்கத்துல எதுவும் வந்தா டக்குனு பிடிச்சுத் தின்னுரும்."

"எதத் திங்கும்?"

"குட்டிக் கொசுப் புழுவ."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப இது கெடக்கிற தண்ணியில கொசுப் புழு இருக்காதா?"

"கொறைஞ்சுரும்."

தன் ரெஜிஸ்டரை எடுத்துத் தரையில் உட்கார்ந்து, பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்தார். கீழ் லயத்தின் கடைசி வீட்டில் பீன்ஸ் கொடிக்கு மூங்கில் வேலி போட்டிருக்கிறார்கள். வெட்டிய மூங்கில்களின் வாயில் மழைத் தண்ணீர் நிற்கும். எல்லாவற்றிலும் கொசுப் புழு நெளியும். மூலையில் இருக்கும் இரண்டு மூங்கிலில் மட்டும் எப்போது பார்த்தாலும் கிடையாது.

"எப்பவும் அதுல இருக்காதுன்னு இப்பல்லாம் எட்டியே பாக்கதில்ல. 'இல்லை'ன்னு எழுதிட்டு வந்துருவேன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ சொன்னது சரிதான் புள்ள. பாக்கத்தான் இல்ல," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் சொன்னது சரியில்ல மதினி. மன்னிச்சிருங்க," என்றேன். "அழுத வரைக்கும் போதும், டார்ச்ச எடு," என்றார்.

இருவரும் இறங்கிப் போனோம். மூலை மூங்கிலின் தண்ணீரை, அவர் புழு பார்க்க வைத்திருக்கும் அகப்பையால் மொண்டு வெள்ளைக் கப்பில் ஊற்றினோம். கசடு அடங்கியது. அடியில் ஒன்று, கையைக் கட்டிக்கொண்டு. பிறகு இன்னொன்று. இரண்டு மூங்கிலிலுமாக ஒன்பது. அந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று, "போன வாரம் வரைக்கும் கொட்டச் சொன்னீங்க, இப்ப அள்ளிட்டுப் போறீங்களே?" என்று கேட்டார். மதினி, "இது வேற கணக்கு," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இந்தத் தடவை கப்புகளுக்கு மேல் வலை கட்டினோம். 'தொடாதே' என்று மதினியே சாக்பீஸால் சுவரில் எழுதினார். புழுக்களுக்குத் தீனியும் அவர் பொறுப்பு. ஊரிலுள்ள டயர்களில் பிடித்த குட்டிக் கொசுப் புழுக்களை மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு வருவார். ஒன்பதில் இரண்டு செத்துப்போயின. மிச்சம் ஏழும் கூடுப்புழுவாயின. முதலில் வெளிவந்தது பெண். அடுத்ததும் பெண். ஆறுவரை பெண்ணாகவே வந்தபோது, அண்ணன் வாயைத் திறக்கப் போனான்; மதினி முறைத்ததில் மூடிக்கொண்டான்.

ஏழாவது ஒரு மழைக் காலையில் வந்தது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏ புள்ள, இதுக்கு மீச இருக்கு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். உணர்கொம்பு முழுக்கப் பஞ்சு பிரிந்தாற்போல மயிர். ஆண்தான். பற்பசை நுரையோடு மதினியைக் கட்டிக்கொண்டேன். அவர் சேலையெல்லாம் வெள்ளை.

அதைக் கொன்றுதான் பார்க்க வேண்டும். அது எனக்கு எப்போதும் கஷ்டமான வேலை. மதினி அந்தப் பக்கமே வரவில்லை. கிராம்பு எண்ணெயில் ஊறவைத்து, பிசினில் பதித்து, கண்ணாடிச் சில்லால் மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். பின்முனைக் கொக்கியின் நுனி இரண்டாகப் பிரிந்திருந்தது. மற்ற இனத்தின் படத்தில் அது ஒற்றை நுனி. படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பழைய விளக்கத்தை வரிவரியாகப் படித்தேன். இந்தத் தடவை நான் தப்பு செய்யவில்லை.

மறுபடி அனுப்பிய கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்ட கடிதம் வருஷம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது வந்தது. கண்ணாடித் தகட்டில் ஒட்டும் சீட்டில் இடம், நாள், சேகரித்தவர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். சேகரித்தவர் என்ற இடத்தில் மதினியின் பெயரை எழுதினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "முத்தா முத்தா எழுதியிருக்கலாம்," என்று குறை சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவரோடு கீழ் லயத்துக்குப் போனேன். பீன்ஸ் வேலி வீட்டில் எல்லா மூங்கிலையும் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த இரண்டுக்குள்ளும் டார்ச் அடித்து வெகுநேரம் குனிந்து நின்றார். பிறகு ரெஜிஸ்டரைத் திறந்தார். புழு உண்டா, இல்லையா என்று ஒரு கட்டம். தண்ணீர் கொட்டப்பட்டதா என்று அடுத்த கட்டம். வருஷக்கணக்காக 'இல்லை' என்றே இருந்த அந்த வரிசையில் மதினி அழுத்தி எழுதினார்:

'உண்டு. ஊத்தவில்லை.'