சூளை ஆறட்டும் என்றவர்

ஜெயராணி மேடம் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது விருத்தாசலம் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் குடிக்க முடியவில்லை. கல்லூரியில் அவர் பொருளியல், நான் கணிதம். ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலி.

அவரிடம் படித்த உங்களுக்கு, அவர் வகுப்பில் சொல்லும் கதைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கதையில் ஒருவர் முடிவெடுக்க வேண்டிய இடம் வந்ததும் நிறுத்திவிடுவார். "இவரு என்ன செய்யணும்?" என்று கேட்பார். அன்றைக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது, மறுநாள்தான். அவருடைய அப்பா பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர். "சூட்டோட சூளையைத் தொறந்தா சாமான் விரிசல் விட்டுரும் சார். ஒரு ராத்திரி ஆறட்டும்" என்பார். "அதுக்குள்ள சிலபஸ் ஆறிப்போயிடும் மேடம்" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பாரே தவிர மாற்றிக்கொள்ள மாட்டார்.

ஒருமுறை கதை அவர் மேலேயே திரும்பியது. சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பம். மகன் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்ப நினைக்கிறார் அப்பா. அப்பா என்ன செய்ய வேண்டும்? கம்மாபுரத்திலிருந்து வந்து படித்த அருள் எழுந்தான். "எங்க வூட்டு கதைய எதுக்கு மேடம் இங்க சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டான். அவன் வீட்டில் அதே பேச்சு ஓடுவது மேடத்துக்குத் தெரியாது. அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. "அவன் படிப்ப வுட்டுட்டான்னா நான்தான் சார் காரணம்" என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் அருள் வந்தான். "அப்பா என்ன செய்யணும்னு கேட்டீங்க. அந்தப் பையன்கிட்ட யாருமே கேக்கலையே மேடம்?" என்றானாம். "நானுந்தாம்ப்பா கேக்கல. தப்புதான். நீ சொல்லு, அவன் என்ன சொல்லுவான்?"

"படிக்கிறேன்னு சொல்லுவான். ஆனா அவங்க அப்பாகிட்ட இன்னும் சொல்லல."

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டான். அவரும் ஒருவழியாகச் சம்மதித்தார். அருள் இப்போது நல்லூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியர்.

இரங்கல் கூட்டத்தில் கல்லூரி முதல்வர் அவனைப் பேசக் கூப்பிட்டார். மைக் வரைக்கும் வந்தான். "இன்னைக்கு வேணாங்க சார். நாளைக்கு வந்து சொல்றேங்க" என்று இறங்கிவிட்டான். முதல்வர் புரியாமல் பார்த்தார். மேடத்தின் பழைய மாணவர்கள் தலையாட்டினார்கள். நான் அங்கேதான் அழுதேன்.

மறுநாள் காலை, சொன்னபடி ஆசிரியர் அறைக்கு வந்தான். மேடத்தின் நாற்காலியைப் பார்த்தபடி நின்றான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது.

"உக்காருப்பா. சொல்லு" என்றேன். பிறகு பேசாமல் காத்திருந்தேன்.