மீட்டர் நிற்காத வீடு

பிரேசிலில் மின்சாரப் பஞ்சம் வந்த ஆண்டு அது. ஃபோர்த்தலேசாவின் மீனவர் தெருவில், ஒதுக்கிய அளவை இரண்டு மாதம் தாண்டிய வீட்டுக்கு மூன்று நாள் இணைப்பைத் துண்டிப்பார்கள் என்று அறிவித்திருந்தார்கள். சுலெய்தி முந்திரிப்பழச் சாற்றைப் பைகளில் உறைய வைத்து விற்றுப் பிழைக்கும் விதவை. மூன்று நாள் கரண்ட் போனால் ஃப்ரீசரில் இருப்பதெல்லாம் தண்ணீர்.

இஸ்திரிப் பெட்டியை வாரம் ஒருமுறைதான் எடுத்தாள். டி.வி. பிளக்கைக் கழற்றிப் போட்டாள். ஃப்ரீசர் கதவிடுக்கில் காகிதம் வைத்து மூடி, இழுத்தால் வருகிறதா என்று பார்த்து, குளிர் கசியும் ரப்பரை மாற்றினாள். அப்படியும் அளவு தாண்டியது. இன்னொரு மாதம் தாண்டினால் துண்டிப்புதான்.

ஒரு ஞாயிறு காலை, ஃப்ரீசர் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் போய் நின்றாள். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக, நிற்காமல்.

"அன்செல்மு, நீயா?"

செத்து ஒன்பது மாதமான புருஷனைத்தான் கேட்டாள். விளக்கை அணைக்காமலே தூங்கிப்போகிறவன்.

பகல் முழுக்கத் தேடினாள். சமையலறை ஓட்டுக்கடியில் ஒரு கறுப்பு வயர், அன்செல்மு வலைக்குப் போடும் முடிச்சால் கட்டப்பட்டு, சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டு நசரேயிடம் போனது.

நசரேயின் ஜன்னலில் பட்டப்பகலில் ஒரு குண்டு பல்பு எரிந்தது. அருகில் அவள் மகன் எத்வால்துவின் படம். நாலு வருஷத்துக்கு முன் அன்செல்முவின் படகில் போனவன். அன்செல்மு மட்டும் திரும்பி வந்தான். அந்த நாளைப் பற்றி அவன் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

"என்னக்கா, இது என் வீட்டு கரண்டா?"

"உன் புருஷன்தாண்டி இழுத்துக் குடுத்தான். பையன் வர்ற வரைக்கும் எரியட்டும்னான். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"ராவும் பகலுமாவா எரியணும்? பகல்ல வந்தா அவனுக்குக் கண்ணு தெரியாதா?"

"கடலுக்கு அடியில ஏதுடி பகல்?"

மறுநாள் சுலெய்தி, மின்சாரம் குறைவாக இழுக்கும் வெள்ளை விளக்கு ஒன்றை வாங்கி வந்தாள். நசரே அதைத் தொடக்கூட இல்லை.

"இது ஆஸ்பத்திரி வெளிச்சம். வேற வீடுன்னு நெனச்சுத் திரும்பிப் போயிருவான். வேணும்னா வயரை அறுத்துக்கோ. உன் கையாலயே அறு."

சுலெய்தி கட்டிங் பிளேயரோடு ஓட்டுக்கடியில் நின்றாள். முடிச்சைத் தொட்டதும் கை ஓடவில்லை. அந்த நாளைப் பற்றி அன்செல்மு ஏதாவது சொன்னான் என்றால், இதுதான் சொன்னது.

பல்பா, ஃப்ரீசரா? இரண்டும் ஓடினால் அளவுக்குள் அடங்காது. அன்று மாலை மிச்சமிருந்த பைகளைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டு ஃப்ரீசரை அணைத்தாள். துணி தைக்கும் வேலை பிடித்தாள். தன் வீட்டில் விளக்குப் போடாமல், பொழுது சாய்ந்ததும் நசரேயின் ஜன்னலடியில் போய் உட்கார்ந்து தைத்தாள், அந்தப் படத்துக்கு முதுகு காட்டியபடி.

"கொஞ்சம் தள்ளி உக்காருடி," என்றாள் நசரே. "வெளிச்சத்த மறைக்கிற."

சுலெய்தி திரும்பிப் பார்க்காமல் தள்ளி உட்கார்ந்தாள்.