மேசைக்கு அடியில் ஓடிய ரவுட்டர்

ஜோகுபாளையத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டு மருத்துவமனைகளின் பில்களைச் சரிபார்த்து அனுப்புவது தொழில். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் நான். மின்சாரத்தில் ஓடுகிற எல்லாமே கணினிக்குச் சொந்தம் என்பது முதலாளியின் கருத்து. அதனால் தண்ணீர் மோட்டார் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்.

அவர் ரிச்சர்ட்ஸ் டவுனில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துக்காரர். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, தமிழில் கோபப்பட்டு, கன்னடத்தில் சமாதானமாவார்.

வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரிக்குள் எங்கள் ரவுட்டர் இருந்தது. வெளியிலிருந்து வரும் இணையத்தை எல்லாக் கணினிகளுக்கும் பிரித்துக் கொடுத்து, வேண்டாததை வாசலிலேயே தடுக்கிற பெட்டி. பெரிய கம்பெனிப் பொருள், நீல விளக்கு. முதலாளி அதை விருந்தாளிகளுக்குக் காட்டுவார். ஒருநாள் அதன் லைசென்ஸ் முடிந்தது. அதிலிருந்து இணையம் அடிக்கடி அறுந்தது. விற்றவர்களுக்குப் போன் போட்டேன்.

"மேடம், பெட்டி நல்லாத்தான் இருக்கு. பாதுகாப்பு வேலையை மட்டும் செய்யாது" என்றார் எடுத்தவர்.

"அப்ப வேற என்ன செய்யும்?"

கொஞ்சம் யோசித்தார். "லைட் எரியும் மேடம்." நேர்மையான மனிதர். இந்த மாடலுக்கு இனி லைசென்ஸே கிடையாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

நான் முதலாளியிடம் வேறு வழி சொன்னேன். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து ரவுட்டர் மென்பொருள் எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள்; யாரும் எடுத்துக்கொள்ளலாம்; நம்மிடம் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் போட்டால் அதுவே ரவுட்டர்.

"ஃப்ரீயா? யாரும்மா அவங்க? அவங்களுக்கு என்ன லாபம்?"

"ஒரு ஆள் இல்ல சார். நிறைய பேர்."

"சரி, ஏதாவது ஆச்சுன்னா நான் யாரைத் திட்டறது? அந்தக் கம்பெனின்னா ஹெல்ப்லைன் இருக்கு."

"என்னைத் திட்டுங்க சார்."

அவர் முகம் தெளிந்தது. "அது பழக்கம்தான்" என்று அனுமதி கொடுத்தார்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய், வெளிக்கு ஒன்று உள்ளுக்கு ஒன்று என்று இரண்டு நெட்வொர்க் கார்டுகள் வாங்கிவந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பழைய சி.பி.யு.வை என் மேசைக்கு அடியில், செங்கல் மேல் நிற்கவைத்து, மென்பொருளை ஏற்றிக் கேபிள்களைச் செருகினேன். இணையம் வரவில்லை. திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டும் வரவில்லை. வரவேற்பறையில் உட்காரும் பெண், குழந்தை ஏசு கோயில் இருக்கும் விவேக் நகர்க்காரி. பாவப்பட்டு என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அக்கா, குழந்தை ஏசு கோயிலுக்கு ஒரு மெழுகுவத்தி வேண்டிக்கட்டுமா?"

"வேண்டிக்கோ."

அவள் கண்ணை மூடினாள். நான் குனிந்து பார்த்தேன். வெளியிலிருந்து வரும் கேபிளை உள் கார்டிலும், உள்ளே போவதை வெளிக் கார்டிலுமாக மாற்றிச் செருகியிருக்கிறேன். சரிசெய்தேன், வந்துவிட்டது. "பாத்தீங்களா" என்றாள். கேபிள் விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. மெழுகுவத்தி ஏற்றப்பட்டது.

அதன்பின் இணையம் அறுபடவே இல்லை. இதில் யாருக்கும் சந்தோஷம் இல்லை. டீ குடிக்கப் போவதற்கும், வேலை முடியாததற்கும் அதுவரை ஒரே காரணம் போதுமாக இருந்தது. இப்போது ஆளாளுக்குத் தனித்தனியாகக் காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சிலர் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

அப்போதுதான் எங்களுக்குப் பில் அனுப்பும் மருத்துவமனை ஒன்றின் தரப்பிலிருந்து ஒருவர் பாதுகாப்பைச் சோதிக்க வருவதாகச் செய்தி வந்தது. கழற்றிப்போட்டிருந்த பழைய பெட்டியைத் துடைத்து மறுபடியும் கண்ணாடி அலமாரிக்குள் வைக்கச் சொன்னார் முதலாளி.

"சார், அது ஒண்ணும் செய்யாது."

"செய்ய வேணாம்மா. எரிஞ்சா போதும்."

"அவர் என்னைக் கேட்டா உண்மையைத்தான் சொல்லுவேன்."

"உன்னை யார் கேக்கப் போறாங்க? நான் பேசிக்கறேன்."

வந்தவர் சென்னைக்காரர். நீல விளக்கைப் பார்த்துத் தலையாட்டினார், படம் பிடித்துக்கொண்டார். எல்லா அறையும் சுற்றிவிட்டு என் மேசையருகே நின்றார். "கீழ என்னமோ ஓடுதே?"

"ஸ்கிராப் சார். இந்த வாரம் போயிடும்" என்றார் முதலாளி.

"ஸ்கிராப்புக்கு எதுக்கு சார் கரண்ட்?" அவர் குனிந்து சுவிட்சை அணைத்தார்.

ஹாலின் கடைசியிலிருந்து "நெட் ஹோய்த்து!" என்று, நெட் போய்விட்டதைக் கன்னடத்தில் அறிவித்தது ஒரு குரல். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. வெகுநாளைக்குப் பிறகு எல்லோர் முகத்திலும் சிரிப்பு. இரண்டு பேர் ஏற்கனவே படியிறங்கிவிட்டார்கள். கண்ணாடிக்குள் நீல விளக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் மின்னிக்கொண்டிருந்தது.

வந்தவர் அதைப் பார்த்தார், ஹாலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

நான் சுவிட்சைப் போட்டேன். அது உயிர்பெற்று எழும்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அது எதையெல்லாம் தடுக்கிறது, எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று திரையிலேயே காட்டச் சொன்னார். நல்ல கேள்விகள் கேட்டார். பாதுகாப்பில் குறையில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் லேப்டாப்பில் நிரப்பிய படிவத்தின் ஒரு கட்டத்தில் தடுக்கி நின்றார்.

"தயாரிப்பாளர் யாருன்னு கேக்குது. பேர் போடாம இது மேல நகராது."

மின்விசிறியை விட்டுத் திரும்பிய முதலாளி, "இன்-ஹவுஸ், சார். நம்ம சொந்தத் தயாரிப்பு" என்றார்.

"சார், எழுதினது நாம இல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"சேத்து மாட்டினது இங்கதானேம்மா?" என்றார் வந்தவர்.

"ஆமா."

"போதும்." தட்டினார், நகர்ந்தது. போகும்போது முதலாளியின் கையைக் குலுக்கி, சொந்தமாகச் செய்வதைப் பாராட்டினார்.

எனக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. மறுநாளே முதலாளி யாரிடமோ போனில், எங்கள் ஆராய்ச்சிப் பிரிவு ஒரு ரவுட்டர் கண்டுபிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான். அந்த மென்பொருளை எழுதிய முகம் தெரியாத அத்தனை பேரும் பேக்கரிக்கு மேல் வேலை செய்வது அவர்களுக்கே தெரியாது.

ஆயுத பூஜை வந்தது. விவேக் நகர்ப் பெண்தான் முன்னின்று எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைத்தாள். மேசைக்கு அடியில் இருந்ததற்குச் செவ்வந்தி மாலையே விழுந்தது. இதழ்களை அதன் உள்ளிருந்த மின்விசிறி இழுத்துக்கொள்ள, அது சூடாகிக் கத்த ஆரம்பித்தது. மற்றவர்கள் கடலைப்பொரி தின்றுகொண்டிருக்க, நான் தரையில் உட்கார்ந்து மூடியைக் கழற்றி இதழ் இதழாகப் பொறுக்கினேன்.