பறவைக்கா, பதினொரு பேருக்கா: மைசூரில் ஒரு லென்ஸ் வாங்கிய கதை

மார்ச் மாதக் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு மைசூர் போய் வந்தேன். காரணங்கள் இரண்டு. ரங்கனதிட்டில் பறவைகள் கூடு கட்டியிருக்கும் பருவம் அது. அந்த ஞாயிறன்று மதியம் கல்லூரித் தோழி மல்லிகாவின் வீட்டில் ஒரு விசேஷமும் இருந்தது. அவள் மகள் காவ்யாவுக்கு அடுத்த மாதம் நிச்சயம். அதற்கு முன்னால் தாய்மாமன்கள் சீர்ப் புடவை கொண்டுவந்து கொடுக்கும் நாள்.

என்னிடம் இருப்பது பழைய காம்பாக்ட் டிஜிட்டல் கேமரா. லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. ஆனால் முன்னால் ஒரு குழாயைத் திருகி மாட்டினால், அதன் மேல் கூடுதல் லென்ஸோ ஃபில்டரோ பொருத்தலாம். பல வருடங்களாக இது தெரியும். வாங்கியதில்லை. இணையத்தில் வாங்க மனம் வரவில்லை, கையில் மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றிருந்தேன். மைசூரில் பழைய கேமரா சாமான் விற்கும் கடை இருக்கிறது என்று மல்லிகாதான் சொன்னாள்.

கோவையிலிருந்து காலை ஆறரை மணி பேருந்து. சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர் வழி. சுமார் இருநூறு கிலோமீட்டர். திம்பம் மலைப்பாதையில் இரவில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் பகல் பேருந்தே நல்லது, கொண்டை ஊசி வளைவுகளையும் பார்க்கலாம். வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்துவிட்டு, இடது பக்கம்தான் காட்சி நன்றாக இருக்கிறதென்று வழியெல்லாம் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மதியம் பன்னிரண்டேகாலுக்கு மைசூர்.

கடை மண்டி மொஹல்லாவுக்குள், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடியில். படியேறும் இடத்தில் இரண்டு ஸ்கூட்டர்கள் குறுக்கே நின்றன. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம் என்று வளர்ந்தவர். ‘இல்லையா’ என்பதற்கு அவர் வாயில் கன்னட ‘அல்வா’தான் வரும்.

“இப்பல்லாம் எல்லாரும் போன்ல எடுக்கறாங்க, அல்வா மேடம்? நீங்க எதுக்கு இதத் தூக்கிட்டு அலையறீங்க?”

“படம் எடுக்கறப்ப நடுவுல யாரும் இதுல கூப்பிட மாட்டாங்க.”

சிரித்துக்கொண்டே ஒரு அட்டைப்பெட்டியை மேசைமேல் கவிழ்த்தார். முதலில் குழாயைப் பொருத்தினார். 58 மில்லிமீட்டர் மரை, 650 ரூபாய். பிறகு தூரத்தை அருகே கொண்டுவரும் டெலி லென்ஸ், 2,600. ஜன்னல் வழியாக எதிர்க் கடைப் பலகையைப் பார்த்தேன். ஜூம் செய்யாமல் பார்த்தபோது, கிணற்றுக்குள்ளிருந்து வானத்தைப் பார்ப்பதுபோல் நான்கு பக்கமும் கருப்பு. முழுக்க ஜூம் செய்த பிறகுதான் படம் நிறைந்தது. எழுத்துகள் பெரிதாகத் தெரிந்தன, ஆனால் நிற்காமல் ஆடின.

“பறவை பக்கத்துல வரும் மேடம். உங்க கை நடுக்கமும் சேந்து வரும்.”

அடுத்து அகலக் கோணத்துக்கான வைட் லென்ஸ், 1,800. என் கேமரா 35 மில்லிமீட்டர் கோணத்தில் தொடங்குவது. இந்த லென்ஸ் 0.7 மடங்கு என்பதால் கிட்டத்தட்ட 25 ஆகிவிடுகிறது. அந்தச் சின்னக் கடை முழுவதும் ஒரே படத்தில் வந்துவிட்டது. ஓரத்து அலமாரி மட்டும் வெளிப்பக்கம் வளைந்து நின்றது. கண்ணாடி, தண்ணீர்ப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் 900. நான் கொண்டுபோயிருந்தது நான்காயிரத்துக்குள். டெலியும் போலரைசரும் குழாயும் ஏறக்குறைய அதற்குள் வந்துவிடும். பேரம் பேசினால் சரியாக வந்துவிடும் என்று வாயைத் திறந்தபோது மல்லிகா போனில் கூப்பிட்டாள்.

“ஏம் புள்ள, நாளைக்கு நீதான் போட்டோ எடுக்கற. பதினொரு பேரு. ரூம்பு பத்துக்குப் பன்னெண்டு அடிதான். சந்துல நிக்க வெக்கலாம்னா ஆட்டோக்காரன் விடமாட்டான். எல்லாரும் விழற மாதிரி எதாச்சும் இருந்தா வாங்கிட்டு வா.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். “ரெண்டு அண்ணந் தம்பியும் வராங்க.”

அதன் கனம் எனக்குத் தெரியும். மல்லிகாவின் அண்ணன் மாதேசன் சொந்த ஊரான ராமாபுரத்தில் விவசாயம் பார்க்கிறார். தம்பி குமார் மைசூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். ஊரில் இருவருக்கும் பொதுவான போர்வெல் ஒன்று. யார் வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று தொடங்கிய சண்டையில், ஒரு வருடமாகப் பேச்சு இல்லை. காவ்யாவின் கல்யாணத்தில் இரண்டு தாய்மாமன்களும் ஆளுக்கொரு மூலையில் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது மல்லிகாவின் கவலை. அதைவிட, கல்யாணத்தோடு இரண்டு வீடும் ஒரேயடியாக முறிந்துபோகுமோ என்பதுதான் அவளைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது.

டெலியைப் பெட்டியில் திரும்ப வைத்தேன். வைட், போலரைசர், குழாய், மூன்றும் சேர்த்து 3,200 ரூபாய்க்கு முடிந்தது.

ஞாயிறு காலை ரங்கனதிட்டு. மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் வரை பேருந்து, பதினாறு கிலோமீட்டர் போல. அங்கிருந்து ஆட்டோ, போக வர 300 ரூபாய், காத்திருப்பதும் சேர்த்து. எட்டரைக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் வெளிச்சம் வெள்ளையாகிவிடும். பெரிய லென்ஸ் வைத்த கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. நுழைவுச் சீட்டு கொடுத்தவர் என் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே இருக்கும் சின்ன லென்ஸைப் பார்த்துவிட்டுப் பரிதாபமாகச் சிரித்து அனுப்பிவிட்டார்.

படகில் ஏறியதும் டெலி இல்லாத வருத்தம் வந்தது. மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் மரம் நிறைய இருந்தன. என் திரையில் அவை காயப்போட்ட துணிபோல வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. சரி என்று போலரைசரின் வளையத்தைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு கோணத்தில் தண்ணீரின் மேல் இருந்த வெள்ளிப் பூச்சு கரைந்து, அடியில் கிடந்த பாறையும் பாசியும் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் திருப்பினால் பூச்சு மீண்டும் மூடிக்கொண்டது. இதை நான் பத்து நிமிடம் செய்திருப்பேன்.

“என்ன மேடம், ரேடியோ ஸ்டேஷன் தேடறீங்களா?” என்றார் படகோட்டி. கேமராவை அவரிடம் நீட்டி வளையத்தைத் திருப்பிக் காட்டினேன். பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

“பளபளப்பு போயிடுச்சே! நம்ம காவேரி ஆத்த இப்புடியா காட்டுவீங்க?”

அவர் சொன்னதும் சரிதான். பளபளப்பை எடுத்தால் அடியில் இருப்பது தெரியும். ஆனால் ஆறு ஆறாக இருக்காது. ஒரே இடத்தை இரண்டு விதமாகவும் எடுத்துக்கொண்டேன். எது பிடித்திருக்கிறது என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகவில்லை.

ஒரு மணிக்கு மல்லிகா வீட்டில் இருந்தேன். சாப்பாடு முடிந்து, புடவை கொடுத்து, குங்குமம் வைத்தாயிற்று. மாதேசன் வாசற்கதவை ஒட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குமார் எதிர்ச் சுவர் பீரோவில் சாய்ந்து நின்றான். இருவருக்கும் நடுவில் மற்றவர்கள் அதிகமாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

குழாயையும் வைட் லென்ஸையும் மாட்டினேன்.

“ஏம் புள்ள, கேமராவுக்கு என்ன பால் சொம்பு கவுத்து வெச்சிருக்கற?” என்றாள் மல்லிகா.

எல்லோரும் சுவரை ஒட்டி ஒரே வரிசையாக நின்றார்கள். நான் சமையலறை வாசலில் முதுகை ஒட்டி நின்றேன். பதினொரு பேரும் தாராளமாக விழுந்தார்கள். இடப்பக்கக் கடைசியில் மாதேசன், வலப்பக்கக் கடைசியில் குமார். எடுத்துத் திரையைக் காட்டியதும் ஒரே சிரிப்பு. ஓரங்களை இந்த லென்ஸ் இழுத்து அகலமாக்கிவிடும். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு நெல் மூட்டைபோல் இருந்தார்கள்.

“ஐயோ, நான் ஓரத்துக்கு வரமாட்டேன், பேடா ஆன்ட்டி!” என்று, வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொல்லிக் காவ்யா நடுவிலேயே நின்றுகொண்டாள்.

மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை. படத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் வந்துட்டாங்க. செரி. அந்தச் சொம்பக் கழட்டு.”

“கழட்டினா பாதிப் பேர் விழமாட்டாங்கடி.”

“நெருங்கி நின்னா விழுவாங்க.”

அப்போதுதான் படத்தை அவள் பார்த்த மாதிரி நானும் பார்த்தேன். இந்த அறையில் விலகி நிற்க அவ்வளவு இடம் கிடையாது. அந்த இடத்தை உண்டாக்கிக் கொடுத்தது நான் வாங்கிய லென்ஸ். கழற்றிப் பைக்குள் போட்டேன்.

மல்லிகா ஆட்களை அடுக்கத் தொடங்கினாள். பிள்ளைகள் தரையில். பெண்கள் அவர்களுக்குப் பின்னால் நாற்காலியில். தன் கணவரையும் விடவில்லை. “நீங்களும் கீழ உக்காருங்க, குட்டையா இருக்கறவங்க பின்னால நின்னா தெரியாது.” கடைசியில் பின்வரிசைக்கு மிஞ்சியவர்கள் உயரமான இருவர்தான்.

“அண்ணா, உள்ள வா. குமாரு, நீயும்.”

இரண்டு பேரும் அரை அடி நகர்ந்தார்கள். நான் திரையைப் பார்த்து, “மாதேசண்ணா, தோள் வெட்டுப்படுதுங்க, இன்னும் உள்ள” என்றேன். நகர்ந்தார். “குமார், இன்னும் கொஞ்சம்.” உண்மையில் அப்போதே எல்லோரும் விழுந்துவிட்டார்கள். நான் இன்னும் இரண்டு தடவை ‘இன்னும் கொஞ்சம்’ சொன்னேன்.

“டேய், காலு! காலு மேல நிக்கறடா!” என்றார் மாதேசன்.

“எங்கண்ணா எடம் இருக்குது? நீ கொஞ்சம் திரும்பி நில்லு.”

மாதேசன் திரும்பி நின்றார். கையை வைக்க இடமில்லாமல் தம்பியின் தோள்மேல் வைத்தார். மூன்று படம் எடுத்தேன்.

இதுபோல் லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சம். உங்கள் கேமராவைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டிப் படத்தின் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். குழாய் மாட்டினால் கேமராவின் ஃபிளாஷை அது மறைத்து, படத்தின் அடியில் அரைவட்ட நிழல் விழும். போலரைசர் வெளிச்சத்தைத் தின்னும், வீட்டுக்குள் வேண்டாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் போலரைசரைச் சொல்வேன். டெலியைப் பறவைக்காக மட்டும் போகிறவர்கள் வாங்கலாம். வைட் லென்ஸ் சின்ன அறைக்கு உதவும்தான். ஆனால் அதை மாட்டுவதற்கு முன் ஆட்களை நெருங்கி நிற்கச் சொல்லிப் பாருங்கள்.

ஊர் திரும்பியதும் மூன்றில் ஒரு படத்தை எல்லோருக்கும் அனுப்பினேன். நாலைந்து நாள் கழித்து மல்லிகா பேசினாள்.

“அண்ணன் கண்ண மூடிட்டிருக்குதாம். வேற படம் இருக்குதான்னு கேட்டுச்சு.”

“இருக்குடி. அடுத்ததுல நல்லா முழிச்சிட்டு இருக்கார். இப்பவே அனுப்பறேன்.”

“எனக்கு வேண்டாம், அண்ணனுக்கும் அனுப்பாத. குமாருக்கு மட்டும் அனுப்பு. அண்ணங்கிட்ட நான், குமாருகிட்ட இருக்குது, கேட்டு வாங்கிக்கன்னு சொல்லிர்றேன்.”

குமாருக்கு மட்டும் அனுப்பினேன்.