ஆவடியில் தூக்கிய கைகள்

ஆவடியில் கடல் கிடையாது. அதனால்தான் இங்கே கடலுக்கு ஆதரவு திரட்டுவது சுலபம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

நான் ராமநாதபுரம் கடற்கரையில் பிறந்தவள். கணவருக்கு இங்கே பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, கல்யாணமானதிலிருந்து குவார்ட்டர்ஸ் வாசம். என் ஒரே அண்ணன் இன்றும் ஊரில் நாட்டுப்படகில் மீன் பிடிக்கிறார். எங்கள் ஊருக்கு எதிரே உள்ள தீவுகளைச் சுற்றிக் கொஞ்சம் கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்கே மீன் பிடிக்கக் கூடாது. அந்த எல்லையை விரிவாக்க வேண்டும், மிச்சமிருக்கிற பவளத்தையும் கடற்புல்லையும் விசைப்படகுகள் அரித்துக்கொண்டு போகாமல் காக்க வேண்டும் என்று கேட்கிற சின்னக் குழு எங்களுடையது. அரசாங்கம் அசைய வேண்டுமென்றால் மீன் பிடிக்கிற ஊர் மட்டும் கேட்டால் போதாது, மீன் தின்கிற ஊரும் கேட்க வேண்டும். அப்படித்தான் ஆவடி என் தலையில் விழுந்தது.

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். என் மகளைப் பாலர் பள்ளிக்கு அழைத்துப் போகும் ஆட்டோக்காரர்தான் முதலில் மடக்கினார்.

"இன்னாக்கா, நம்ம ஏரியே நாறிக்கினு கீது. நீ எங்கயோ கீற கடலுக்கு வக்காலத்து வாங்குற?"

"போன வாரம் வாங்குன மீன் எவ்வளவு பெருசு இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் சுண்டுவிரலைக் காட்டினார். குஞ்சு வளர இடம் இல்லாவிட்டால் அதுவும் வராது என்று அவருக்குச் சொன்னதையேதான் எல்லா வீட்டிலும் சொன்னேன். எனக்குத் தெரிந்த பிரசாரம் மீன்குழம்பு ஒன்றுதான். அது பலித்தது. கூட்டத்துக்குச் சமுதாயக்கூடம் நிரம்பிவிட்டது. ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். கூடம் முழுக்கக் கைகள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் அதைப் படம் பிடித்துப் பெருமையாக வாட்ஸ்அப்பில் போட்டாள்.

அது அண்ணன் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அதோடு அவர் என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். மதினிதான் எடுத்தார்.

"தாயி, ஆவடியில உக்காந்துகிட்டு எங்க கடலுக்கு இவிங்க யாரு கை தூக்குறதுன்னு கத்துறாரு."

"நான் சொன்னது விசைப்படகைத்தானே மதினி."

"அதையும் கேட்டாரு. இன்னைக்கு அவுக, நாளைக்கு நாமன்னு சொல்றாரு."

அடுத்த மாதம் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்திருந்தோம். குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மாமன் இருந்தும் வராத காதுகுத்து என்றால் ஊர் என்ன பேசும் என்பது இருக்கட்டும், என் மனசு தாங்காது. அப்பா போன பிறகு எனக்குப் பிறந்தவீடு என்றால் அண்ணன்தான்.

"குழுவை விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். விசேஷம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் கணவர். நல்ல மனிதர். எந்தச் சண்டைக்கும் அவரிடம் இப்படி ஒரு தைலம் இருக்கும்.

என்னால் முடியவில்லை. அண்ணன் பயப்படுவதும் நியாயம், நான் கேட்பதும் நியாயம். இரண்டையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அழுதேன். பிறகு அண்ணனுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினேன். "அண்ணே, கூட்டத்துல பேசுனதுல மாத்தமில்ல. பிள்ளைக்கு மாமன் நீ ஒருத்தன்தான், அதுலயும் மாத்தமில்ல." கேட்டதற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

காதுகுத்து அன்று ஆவடிக் கோயிலில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நல்ல நேரம் நழுவிக்கொண்டிருந்தது. மாமன் முறைக்கு வேறு ஆள் இல்லாமல் கணவரின் சித்தப்பா மகன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மணையில் உட்காரத் தயாரானபோது, வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சீர்த்தட்டோடு மதினி. பின்னால், சுமந்து வந்த கருவாட்டுப் பெட்டியை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு அண்ணன். என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய் உட்கார்ந்து குழந்தைக்காக இரண்டு கையையும் நீட்டினார். எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது.

ஊசி பட்டதும் மகள் வீறிட்டாள். அவளுடைய மொட்டைத் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார் அண்ணன். அழுகை அடங்கியதும், விசேஷத்துக்கு வந்திருந்த எங்கள் பள்ளி ஆட்டோக்காரர் அண்ணன் பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணாத்தே, அக்கா கூட்டத்துல நாங்கல்லாம் உங்களுக்காண்டித்தான் கை தூக்கினோம்."

"எனக்காகவா? என்னையக் கேட்டீகளா?"

ஆட்டோக்காரர் பிடரியைச் சொறிந்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கேக்கலபா. இப்ப கேக்குறேன், சொல்லு."

அண்ணன் சொன்னார். மீன் குறைந்துபோனது தனக்குத் தெரியாதா என்றார். விசைப்படகு கரையை ஒட்டி வந்து வாரிக்கொண்டு போவதைத் தினமும் பார்ப்பவன் நான் என்றார். "ஆனா எல்லைக்கோட்டைத் தள்ளிப் போட்டா பெரிய படகுக்காரன் ஆழத்துக்குப் போயிருவான். என் படகு அவ்வளவு தூரம் தாங்காது. நான் எங்கிட்டுப் போவேன்?"

சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. அன்று கை தூக்கியவர்கள்தான் பாதிப் பேர். குழந்தை அவர் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.

பந்தியில் நான்தான் அண்ணனுக்குப் பரிமாறினேன். இலையைப் பார்த்துக்கொண்டே முதல் வார்த்தை பேசினார்.

"அடுத்த கூட்டம் என்னைக்கு?"

"அடுத்த மாசம். எதுக்குண்ணே?"

"வாரேன். கை தூக்காதவன் ஒருத்தனாச்சும் அங்கன இருக்கணும்ல."

"முன்வரிசையில நாற்காலி போட்டு வைக்கிறேன்," என்றேன்.

"மேடையில போடு," என்றார் அண்ணன்.