படகில் நித்திரை வருமா?

இன்று பின்னேரம் எங்கள் ஊர் ஹோம்புஷ் தமிழ்க் கடையில் கூட்டமில்லை. கல்லாவில் நின்ற தேவனிடம் என் பேத்தியின் வீடியோவைக் காட்டினேன். யாருக்குத்தான் காட்டவில்லை?

பேத்தி இங்கிலாந்தில் டொக்டர். லீவெடுத்துக்கொண்டு, உறைபனிக்குள் ஒடுக்கமான படகொன்றில், புருஷனோடும் இரண்டு நாய்களோடும் கால்வாய் வழியே போகிறாள். கரையில் நடப்பவர்கள் படகை முந்திப் போகிறார்கள்.

எல்லோரும் சிரிக்கிற இடத்தில் தேவன் சிரிக்கவில்லை.

"அன்ரி, அந்த நாயள் நித்திரையோ?"

"ஓம் தம்பி, அடுப்புக்குப் பக்கத்திலை. குறட்டை கேக்குதெல்லே?"

"படகிலை நித்திரை வருமோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேவன் இந்த நாட்டுக்கு அகதியாகக் கடல்வழியாகப் படகில் வந்தவர்.

"அங்கை இடுப்பளவு தண்ணிதானாம். விழுந்தாலும் எழும்பி நடக்கலாமாம்" என்றேன்.

"எங்கட கடலும் அப்பிடி இருந்திருக்கலாம்."

அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த அவருடைய மனைவி திரும்பினார். "மகள் ஆத்திலை ஓடுற ஃபெரிப் படகிலை போவம் எண்டு எத்தினை தரம் கெஞ்சிப்போட்டாள், அன்ரி. இவர் தண்ணிக்கரைக்கே வாறேல்லை."

தேவன் வீடியோவை மறுபடி போட்டு, நாய்கள் தூங்குவதையே பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை அன்ரியும் வந்தா, போவம்."

"ஏறினாப் பிறகு நம்பிறன்" என்றார் மனைவி.

நான் யோசிக்காமல் ஓமென்றுவிட்டேன்.

பரமட்டா ஆற்று ஃபெரியில் பயமில்லாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். தேவனுக்காகக் கேட்கவில்லை. நானும் இன்னும் ஏறியதில்லை.