வழியில் தண்ணீர் நிற்குமா?

"வீட்டுக்குப் போற வழியில தண்ணி நிக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் திரும்புவார். கார் உதிரிபாகக் கடையின் விற்பனையாளர் அவர். இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் பைப் வாங்க வந்தவர் பிக்கப், சத்தம் என்று எதை வேண்டுமானாலும் அளக்கட்டும். இவருக்கு அந்தப் பதில்தான் வேண்டும். நிற்கும் என்றால் குட்டைப் பைப்தான்.

"இது பானெட்டுக்குள்ள மேலயே இருந்து இழுக்கும். கொஞ்சம் சூடான காத்து, பரவாயில்ல. நீளப் பைப்புன்னா ஃபில்டர் பம்பருக்குப் பின்னால கீழ தொங்கும். குளுகுளுன்னு காத்து வரும், மழையில தண்ணியும் வரும். இன்ஜின் ஒரு மடக்கு குடிச்சா கதை முடிஞ்சது."

அடம் பிடிப்பவர்களை, "அப்போ வேற கடை பாருங்க" என்று சிரித்தபடியே அனுப்பிவிடுவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

எண்ணெயும் கரியும் புழங்குகிற அந்த இடத்தில் அவர் சட்டை மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும். பைப்பைக்கூடத் துணி சுற்றித்தான் தூக்குவார். மெக்கானிக்குகள் அவருக்கு வைத்த பெயர் 'டாக்டர்'.

இவ்வளவு கறாரான மனிதர் ஒரே ஓர் ஆளிடம் பெட்டிப் பாம்பு. அது மருமகன். சென்ற வாரம், மழை விட்ட நேரத்தில், அந்த மருமகனே காரோடு கடைக்கு வந்து நின்றார்.

"அந்த நீளப் பைப்பைப் போட்டுடலாம் மாமா. சும்மா உறுமும்."

அந்தக் காரை ஓட்டுவது பெரும்பாலும் மகள்தான். நர்ஸ் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு சுரங்கப்பாதை; நாலு தூறல் போட்டாலே முழங்கால் தண்ணீர். ஆனாலும் மருமகனை எதிர்த்துப் பேசி, மகள் வீட்டில் மனஸ்தாபம் வந்துவிட்டால்? வழக்கமான கேள்வியைக் கேட்காமலே அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"உங்க இஷ்டம் மாப்பிள்ளை" என்றார். முதலாளி வாயைப் பிளந்தார்.

நீளப் பைப் மேசைக்கு வந்தது. அவர் கை அதை விடவில்லை.

"அவ என்ன சொல்றா?"

"அவளுக்கென்ன மாமா, வண்டி ஓடினா சரி."

பைப்பை அங்கேயே வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். வாசலில் தேங்கிய தண்ணீரில் கார் நின்றிருந்தது. அதன் முன்னால், அந்தச் சேற்றிலேயே மண்டியிட்டார். பம்பருக்கு அடியில் கையை விட்டு, ஃபில்டர் தொங்கப்போகும் இடத்தில் உள்ளங்கையை விரித்தார். கைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

"ஐயோ, எந்திரிங்க மாமா, எல்லாரும் பாக்கறாங்க."

"நீங்களும் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

மருமகன் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பக்கத்தில் குனியும்வரை, அவர் அந்தக் கையை எடுக்கவில்லை.